பாசிக்கு அடியில் ஒரு பேர்

பழைய கல்லறைக் கல்லைக் கழுவ நல்ல தண்ணீர், மெல்லிய பிரஷ், மூங்கில் குச்சி மூன்றும் போதும். நாலாவதாக, ஆளுக்கொரு யோசனை சொல்கிறவர்களைத் தாங்கும் தெம்பு வேண்டும். கடலூரில் பத்து வருஷமாக இதுதான் என் வேலை. கையால் உழைக்கிற உங்களுக்கெல்லாம் அந்த நாலாவது நன்றாகவே தெரியும்.

ஒரு சொட்டு

கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் இருந்தது. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தர், தன் அப்பா கல்லறைக்கு ஆசிட் பாட்டிலோடு வந்துவிட்டார். "பாத்ரூம் டைல்ஸே பளபளன்னு ஆவுது. நீங்க என்னாக்கா, குச்சிய வச்சி நோண்டிக்கிட்டு?"

நான் வாதாடவில்லை. உடைந்து கிடந்த சலவைக்கல் துண்டில் ஒரு சொட்டு விடச் சொன்னேன். சுர்ரென்று நுரைத்தது. கழுவிவிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வழவழப்பு போய்ச் சொரசொரத்தது. பாட்டிலை இறுக மூடினார்.

"இதையா எங்கப்பா பேர் மேல ஊத்த வந்தேன்?"

பக்கத்துக் கல்

ஒரு அண்ணனும் தங்கச்சியும். அம்மா கல்லறை இடது பக்கமா, வலது பக்கமா என்று சண்டை. அடுத்தடுத்து இருந்த இரண்டு கல்லும் பாசி ஏறிக் கருத்திருந்தன. அண்ணன் சொன்னபடி வருஷா வருஷம் இடது பக்கம்தான் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். ஊறவைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். இடது பக்கம் வந்தது யாரோ ஒரு அந்தோணியம்மாள். அம்மா வலது பக்கம். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன்தான் கழுவினோமோ என்று எனக்கே ஆகிவிட்டது. தங்கச்சிதான் அவர் தோளைத் தட்டினாள்.

"எந்திரிண்ணே. இத்தினி வருஷம் நம்ம மெழுகுவத்திய வாங்கிக்கிட்டவங்க, இப்ப விட்டா கோச்சுக்குவாங்க. இனிமே ரெண்டா வாங்கு."

உளி வேண்டாம்

சிதம்பரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கூப்பிட்டிருந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே, குழந்தையிலேயே இறந்துபோன அக்காவின் கல். வீட்டில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா அழுவார்களாம். அதனால் பேரைக்கூட யாரும் சொல்லவில்லை. கழுவியும் எழுத்து தெரியவில்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. "உளியால லேசா ஆழப்படுத்தும்மா" என்றார். "நாம தப்பா வெட்டிட்டா அதுவே பேராயிடும் சார்" என்று மறுத்துவிட்டேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் விழவைத்தேன். தேய்ந்த பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வாத்தியார் மண்டியிட்டு, விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். என் கை வலித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரைகூடப் பிடித்திருப்பேன்.

"ஸ்டெல்லா… ஸ்டெல்லாக்கா! அப்பாடா, கூப்புட ஒரு பேரு கெடச்சுதும்மா."

ஊரில் எல்லாரும் உழைத்துத் தங்களுக்குப் பேர் எடுக்கிறார்கள். நான் உழைத்து அடுத்தவர்களுக்கு, அதுவும் செத்தவர்களுக்கு, பேர் எடுத்துக் கொடுக்கிறேன்.