பூக்கடைச் சந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நேற்று என் மகன் கைப்பேசியில் சொல்லி வரவழைத்த கொய்யாப்பழம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பழத்துக்கும் வலைச்சட்டை போட்டிருந்தார்கள். மூக்கருகே வைத்துப் பார்த்தேன், வாசனையே இல்லை. ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையோடு இறக்கினால் தெருமுனைக்கே தெரியுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான், மனசு திண்டுக்கல்லுக்கு ஓடிவிட்டது. கூடவே பாத்திமாவும் வந்துவிட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருவரும் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தோம். நான் வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. சோளத்தட்டையையும் வேலிமுள்ளையும் பார்த்து வளர்ந்தவளுக்குத் திண்டுக்கல்தான் பெரிய பட்டணம். பாத்திமா அந்த ஊர்ப்பிள்ளை; அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா தோல் வியாபாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்க ஊரைக் காட்டுறேன் வா என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக்குள் தொப்பியும் சீருடையுமாகப் பறக்கிறவள், ஊருக்குள் நடக்க மட்டும் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொள்வாள். அது அத்தா போட்ட நிபந்தனை. அவர் படிக்க அனுப்பியதே பெரிய விஷயம். போதாததற்குப் பழனியிலிருந்து ஒரு சம்பந்தம் வேறு வந்திருந்தது. படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

பயத்தைக் காலில் காட்டமாட்டாள். புகையிலைக் கடைகள் வழியாக விறுவிறுவென்று நடந்தாள். நான் தும்மிக்கொண்டே பின்னால் ஓடினேன். பித்தளைக் கடை, வளையல் கடை, வெற்றிலைக் கூடைகள் என்று எல்லா இடத்திலும் நின்றாள். எந்தக் கடைக்காரரும் அவளை விரட்டவில்லை. வாங்காமலே இரண்டு கொய்யா தின்றோம். இம்புட்டுக் கடைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. அதற்கு அவள் அரைநாள் சிரித்தாள்.

பூக்கடைச் சந்துக்குள் நுழைந்தபோது கூட்டம் ஓரிடத்தில் குழம்பி நின்றது. சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மாமியாரோடு பூ விற்க வந்த ஒரு பெண், கூடையருகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தாள். நிறைமாதம். வலி வந்து வெகுநேரமாகியும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள். வண்டி பிடிக்க ஒருவர் ஓடினார். பாத்திமா குனிந்து பார்த்துவிட்டு, வண்டி வரும்வரை தாங்காது என்று என் காதில் சொன்னாள்.

மாமியார் பாத்திமாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கல்யாணமாகாத புள்ள. ஒனக்கு என்ன தெரியும் தாயி?"

"பாத்திருக்கேம்மா. நீங்க அவங்க கையை மட்டும் பிடிச்சுக்கங்க."

பூக்காரிகள் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முந்தானைகளை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். ஆண்கள் சந்துமுனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார்கள். என் பங்குக்கு நான் அந்தப் பெண்ணின் தலையைத் தாங்கினேன். வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள் நான்தான். அன்றைக்கு எனக்குத்தான் பாடம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தலை வெளியே வந்தபோது கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. பாத்திமா அதை விரலால் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றினாள். பிள்ளை வந்தது; ஆனால் அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. பாத்திமா தன் துப்பட்டியை உருவினாள். அதன் நுனியால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள். நான் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். மெல்லிய பூனைச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. பிறகு நல்ல அழுகை. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொடியை அறுக்க யாரோ அரிவாள் நீட்டினார்கள். கொதிக்க வைக்காத இரும்பு படக்கூடாது என்று பாத்திமா வாங்கவில்லை. பிள்ளையையும் கொடியையும் சேர்த்துத் துப்பட்டியில் சுற்றித் தாயின் வயிற்றின் மேல் வைத்து, குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

நாங்கள் பிரசவ வார்டை விட்டு வெளியே வந்தபோது அவளுடைய அத்தா வராந்தாவில் நின்றார். சேதி எங்களுக்கு முன்னால் அவரிடம் போயிருந்தது. சேலையெல்லாம் கறை, தலையில் துப்பட்டி இல்லை. பாத்திமா சுவரோரமாக ஒதுங்கினாள். அந்தச் சந்தில் வராத பயம் அவளுக்கு அங்கேதான் வந்தது.

அவர் மகளின் சேலைக் கறையைப் பார்த்தார். பிறகு, "தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நான்தான் தலையாட்டினேன்.

தோளிலிருந்த துண்டை எடுத்து மகளின் தலையில் போட்டார். "நீ படிச்சு முடிம்மா. பழனிக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பாத்திமா அப்போதுதான் அழுதாள்.

படிப்பை முடித்தாள். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவள் கல்யாணமாகி மலேசியாவுக்குப் போய் அங்கேயும் நர்ஸாகவே இருந்தாள். பொங்கலுக்கு அவளுடைய வாழ்த்து வரும், பெருநாளுக்கு என்னுடையது போகும். அதுவும் ஏதோ ஒரு வருஷத்தோடு நின்றுபோனது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போனேன். அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிட்டேன், பூக்காரிகளைத்தான் காணோம். இருபக்கமும் மோட்டார் சைக்கிள்கள். செல்போன் கடையில் நின்ற பையனிடம், இங்கே பூக்கடைகள் இருந்தனவே என்று கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"இங்கயா பாட்டி? இங்க எப்பவுமே பைக்குதான் நிக்கும்."