எக்ஸ் வரும் சின்ன வார்த்தைகள்

அது தை மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை. என்னைப் பெற்ற ஆத்தா வியாழன் என்று சாதிக்கிறாள். ஆனால் அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சி அன்று காலை பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தார். வெள்ளி தவிர வேறு நாளில் அவர் போனதில்லை. ஆகவே வெள்ளிதான். வருஷம் மட்டும் உறுதியில்லை. அறுபதுகளின் கடைசி, நான் பாவாடை கட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போன காலம்.

அதற்குப் பத்து நாள் முன்பு பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அவருடைய தங்கையை, அதாவது என் அயித்தையை, பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே சொந்தக் கடை. உடன் வந்த படத்தில் தொப்பி வைத்திருந்தார். தொப்பிக்கு அடியில் முடி உண்டா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை, பெண்ணுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்காள் நேரில் வந்து கேட்டுப் பார்ப்பார்.

அயித்தை எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். அவை சேர்ந்து நின்றால் தெரியாது. அப்பச்சி பொறுப்பை அம்மானிடம் விட்டார். அம்மான் ஆத்தாவின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டபடி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

"பத்து நாள்ல இங்கிலீஷ் வராது. ஒரு எழுத்து வரும்," என்றார் அம்மான்.

அப்பச்சிக்குப் புரியவில்லை. அம்மான் விளக்கினார். ஏ, பி என்று தொடங்கினால் கரை கிடையாது. எக்ஸ் என்ற எழுத்து வரும் சின்ன வார்த்தைகளோ கொஞ்சம்தான். அவை குறிக்கும் சாமான்களும் பாதி வீட்டிலேயே கிடக்கின்றன. வருகிறவர் கண்ணில் அவையே படும்படி வைத்துவிட்டால் கேள்வி அதைத் தாண்டிப் போகாது.

"கெட்டிக்காரன்தான்," என்றார் அப்பச்சி, சந்தேகத்தோடு.

ஆக்ஸ் என்றால் காளை. பாக்ஸ், பெட்டி. வாக்ஸ், மெழுகு. டாக்ஸ் வரி, அதற்கு அப்பச்சியின் முகத்தைப் பார்த்தால் போதும் என்றார் அம்மான். சிக்ஸ் ஆறு, மிக்ஸ் கலக்கு, வெக்ஸ் நச்சரி. ஃபாக்ஸுக்கு நரி கிடைக்காததால் அந்த வார்த்தையைக் கைவிட்டோம். சாமான்களின் மேல் சாக்பீஸால் இங்கிலீஷில் பெயர் எழுதுவது அம்மானின் ஏற்பாடு; சாக்பீஸ் பெட்டி என் பொறுப்பு. காளையின் கழுத்தில் ஒரு சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். அது இரண்டு முறை நக்கி அழித்தது.

"அயித்தான், இந்தச் சின்னவ ரொம்ப வெக்ஸ் பண்றா," என்பாள் அயித்தை அம்மானிடம்.

"இவள அந்த பாக்ஸுக்குள்ள போட்டு மூடிருவோமா?" என்பார் அம்மான். இருவரும் சிரிப்பார்கள். பாடம் சாயங்காலத்தோடு முடியவேண்டும், முடிந்ததே இல்லை. அயித்தைக்கு ஒரே எழுத்துப் பாடம்தான் என்பது வெளியே தெரியக்கூடாது என்று அம்மான் என்னிடம் பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். முக்கியமாகப் பெரியப்பச்சிக்கு. அவருக்கு ரகசியம் தங்காது.

எங்கள் வீடு இரண்டு பங்காளிகளின் வீடு. முற்றத்துக்குத் தெற்கே நாங்கள், வடக்கே பெரியப்பச்சி. நடுவில் உள்ளதெல்லாம் பொது. அதில் யாரும் தன் பெயரை எழுதுவதில்லை. எழுதினால் பாகப்பிரிவினை பேசுகிறான் என்று பொருள். அதனால் அம்மானும் நானும் எங்கள் பக்கத்துச் சாமான்களில் மட்டுமே எழுதினோம்.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பச்சி விபூதி மணக்கத் திரும்பிவந்தார். தன் பக்கத்துக்குப் போனவர் ஒரு நிமிஷத்தில் முற்றத்துக்கு ஓடிவந்தார்.

"ஏண்டா தம்பி, கோர்ட்டுக்குப் போறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எந்தக் கோர்ட்டுண்ணே? என்ன பேசுறீக?"

"என் இரும்புப் பெட்டில எழுதிருக்கு. நெல்லுப் பத்தாயத்துல எழுதிருக்கு. பொதுப் பத்தாயத்துலயும் எழுதிருக்கு. இங்கிலீஷ்ல!"

ஊரில் ஒரு வீடு ஜப்திக்கு ஆனபோது கோர்ட்டுச் சேவகன் அமீனா வந்து சாமான்களில் சாக்பீஸால் எழுதியதைப் பார்த்தவர் அவர். இங்கிலீஷ் எழுத்து என்றாலே அவருக்குக் கோர்ட்டுதான். அப்பச்சி பதில் சொல்வதற்குள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏணி, உரல், ஊஞ்சல், குடை எல்லாவற்றிலும் ‘மூத்தவன் பாகம்’ என்று எழுதினார். வருகிறவருக்காகப் போட்டிருந்த நாற்காலியின் உட்காரும் பலகையையும் விடவில்லை.

அந்த நேரத்தில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அக்காள் பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"என்ன இது, வீட்டை ஏலம் போடப் போறீகளா?"

"என் தம்பியக் கேளுங்க," என்றார் பெரியப்பச்சி. "தங்கச்சியக் கட்டிக் குடுக்கிற அன்னிக்கே வீட்டையும் பிரிக்கிறான்."

அப்பச்சி தலையில் கைவைத்தார். அம்மான் தூணைப் பார்த்தார். அயித்தை தலை குனிந்து நின்றாள். இந்தச் சம்பந்தம் கைநழுவுகிறது என்று எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் சண்டை தீரும். ஆனால் பிள்ளையார் இருக்கிறார். மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்தினேன்.

"அது பாகமில்ல பெரியப்பச்சி, பாடம்! அயித்தைக்கு எக்ஸ் வர்ற வார்த்தை மட்டுந்தான் தெரியும்!"



அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மிச்ச இருபத்தஞ்சு எழுத்துக்கும் நாங்க வருஷா வருஷம் வரணுமாக்கும்?"

காப்பியைக் குடித்தார்; அந்த மட்டுக்கு மரியாதை. அவர் எழுந்து வாசலுக்கு நடந்தபோது, புடவையின் பின்பக்கத்தில் ‘மூத்தவன் பாகம்’ கறுப்பாக இடவலம் மாறிப் பதிந்திருந்தது. சொல்வதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

கார் போனதும் பெரியப்பச்சி தம்பியைக் கட்டிக்கொண்டார். "பாடந்தானாடா? நான் வக்கீலுக்கு ஆள் விட்டுட்டேனே!" இன்னொரு ஆள் முதல் ஆளைத் திருப்பிக் கூட்டிவர சைக்கிளில் ஓடினான்.

நான் சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். ஆத்தாவும் அதைத்தான் சொன்னாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அயித்தை வந்து என் மூக்கைத் துடைத்தாள். "அழாதடி. வா, எழுதினதெல்லாம் துடைச்சிருவோம்," என்றாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அயித்தை எங்கள் பக்கத்தை முடித்துவிட்டு வடக்கே போனாள். பெரியப்பச்சியின் இரும்புப் பெட்டியைத் துடைத்தாள். பத்தாயத்தின் முன்பக்கத்தைத் துடைத்தாள். பிறகு, சுவருக்கும் பத்தாயத்துக்கும் நடுவில் இருந்த இருட்டுச் சந்துக்குள் கையை நேராக விட்டு, அங்கேயும் துடைத்தாள். பெரியப்பச்சி உட்பட அன்று யார் கண்ணிலும் படாத இடம் அது. வெளியே வந்த துணியில் சாக்பீஸ் வெள்ளை. அம்மான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அயித்தை அவரைப் பார்த்து ஏனோ சிரித்தாள்.

அடுத்த ஆவணியில் அந்த முற்றத்திலேயே அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலோ, நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: நாங்கள் எழுதாத இடத்தைக்கூட இருட்டில் கண்டுபிடிக்கிறாளே, அயித்தைக்கு எவ்வளவு கூர்மையான கண்!