படத்துக்குக் கட்டிய மணிக்கூடு

போன மாதம் கொழும்பில் பழைய மணிக்கூடுகள் விற்கும் கடையொன்றில் ஒரு கைமணிக்கூடு வாங்கினேன். சுவிஸ் நாட்டுச் சாமான். அதற்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். தட்டையான தங்கக் கூடு, வெள்ளை முகம், கோட் கைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்ளும் ஜாதி. கடைக்காரர் காதில் வைத்துப் பார்க்கச் சொன்னார். “ஓடாட்டிலும் பரவாயில்லை” என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உங்களுக்கும் விசர்க்கதையாகத்தான் இருக்கும். மன்னார்ப் பேசாலையில் பிறந்த என் வயதுக்காரனுக்குத்தான் இது விளங்கும்.

தோல்வாரின் பழைய மணம் மூக்கில் ஏறியதும் சந்தியோகு மாமா வந்துவிட்டார். சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கொண்டுவந்த தங்க மணிக்கூட்டை எங்கள் ஊர் மாப்பிள்ளைமார் எல்லோரும் ஒருநாள் கட்டியிருக்கிறார்கள். கோட் மன்னார் டவுனில் வாடகைக்குக் கிடைக்கும், மணிக்கூட்டுக்கு மாமாதான். கோவிலில் பூசை முடிந்து படம் எடுக்கும் நேரத்தில், ஓடிக்கொலோன் மணக்கும் கைலேஞ்சியை விரித்து அதை எடுத்துத் தானே கட்டிவிடுவார். பிறகு படக்காரருக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் மாதிரிக் காவல் நிற்பார்.

“தம்பி, கையைக் கொஞ்சம் தூக்கு. மணிக்கூடு தெரியேல்லை.”

அதனால் எங்கள் ஊர் அல்பங்களில் மாப்பிள்ளைமார் எல்லோரும் இடக்கையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, டொக்டரிடம் நாடி காட்ட வந்தவர்கள் போல் நிற்பார்கள்.

அந்த மணிக்கூட்டை நிறுத்திய பெருமை எங்கள் குடும்பத்துக்குத்தான். என் அண்ணனின் கலியாணத்தன்று படம் எடுத்த கையோடு, கரைவலை ஏறுகிறது என்று கடற்கரையில் கூப்பாடு கேட்டது. வலை நிறைய மீனாம். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் நிற்காது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்கயிற்றை இழுத்தார்.

“அடேய் அறுவானே, அதைக் கழட்டிப்போட்டு இறங்கடா!” மாமா கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

உப்புத்தண்ணீர் குடித்த மணிக்கூடு பிறகு ஓடவே இல்லை. யாழ்ப்பாணம்வரை கொண்டுபோய்ப் பார்த்தும் சரிவரவில்லை. ஆனாலும் அடுத்த கலியாண வீட்டார் வந்து கேட்டார்கள். ஓடாது என்று மாமா கையை விரித்தார்.

“படத்தில ஓடாதது ஆருக்குத் தெரியப்போகுது? தாங்கோ மாமா.”

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு லேஞ்சியை எடுத்தார்.

எனக்கும் பிலோமினாவுக்கும் நிச்சயம் முடிந்து, மாமாவிடமும் சொல்லி வைத்திருந்த நேரத்தில் சண்டை வந்தது. ஆளுக்கொரு படகில் அக்கரைக்கு ஓடினோம். மாமா வரவில்லை. அவரும் மணிக்கூடும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் கலியாணம் மண்டபம் அகதி முகாமில் நடந்தது. கோட்டும் இல்லை, படமும் இல்லை. ஊர் திரும்பிய பிறகும், யார் வீட்டு அல்பத்தை மூடி வைத்தாலும் பிலோமினா ஒரே பாட்டுத்தான்.

“செத்தவீட்டைக்கூடப் படம் எடுக்கினம். எங்கட கலியாணத்துக்கு ஒண்டு இல்லை.”

இப்போது அவளுக்கு நெஞ்சில் வருத்தம். டொக்டர் சொன்னதை எழுத எனக்கு மனமில்லை. இந்த முழங்காலோடு கொழும்புக்கு பஸ் ஏறியது அதனால்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, விறாந்தையில் இரண்டு கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் நல்ல சேலை உடுத்திருந்தாள். கோட்டுக்கு எனக்குத் தெம்பில்லை, சட்டைக்கையை மட்டும் மேலே இழுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் எடுத்தாள்.

“அங்கிள், கையை இறக்குங்கோ.”

“அது தெரியோணும் பிள்ளை. நீ எடு.”

பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். “வடிவாத்தான் இருக்கு” என்றாள். ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“எங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையே.”

எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கலியாணப் படமென்றால் பின்னால் மச்சான்மாரும் மாமிமாரும் அயலட்டையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிலர் கனடாவில், பலர் சேமக்காலையில் சிலுவைகளுக்குக் கீழே. அண்ணனின் படகு அக்கரைக்கு வந்து சேரவே இல்லை. எங்கள் கதிரைகளுக்குப் பின்னால் புதிதாகப் பூசிய சுவர்தான் நின்றது.