சின்ன மாமா மட்டும் தெளிவாக இருந்த படம்

கேமரா வாங்கிய புதிதில் நான் மனிதர்களை எடுக்கவில்லை. காப்பிக் கோப்பைகளைத்தான் எடுத்தேன். கோப்பைகள் அசையாது, வயிற்றை உள்ளிழுக்காது, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்காது. என் கணவர் இந்த மூன்றையும் செய்வார்.

செபராங் ஜெயாவில் எனக்கு அலுவலக வேலை. காலையில் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய், மாலையில் பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குத் திரும்புவதிலேயே வாழ்க்கை கழிந்துகொண்டிருந்தது. எனக்கென்று ஏதாவது வேண்டும் என்று தோன்றிய நேரத்தில், உடன் வேலை செய்பவர் தன் பழைய கேமராவை விற்றார். வாங்கிவிட்டேன். அதன்பின் இரவுச் சமையல் முழுக்க இணைய வீடியோக்களின் துணையோடுதான் நடந்தது. ரசம் கொதிக்கும்போது அப்பர்ச்சர், அப்பளம் பொரிக்கும்போது ஷட்டர் ஸ்பீட்.

அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் திறப்பு. அது எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் அதற்குக் கொடுத்திருக்கும் எண்தான் தலைகீழ். ஒன்று புள்ளி எட்டு என்றால் பெரிய திறப்பு, பதினொன்று என்றால் சின்னத் திறப்பு. இதை என் கணவருக்கு விளக்கினேன்.

"சின்ன நம்பர் பெரிய ஓட்டை, பெரிய நம்பர் சின்ன ஓட்டையா? இத யாரு கண்டுபிடிச்சா, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டா?" என்றார்.

ஷட்டர் வேகத்தைக் கற்றுக்கொள்ள கொய்த்தியாவ் நூடுல்ஸ் பிரட்டும் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தேன். ஷட்டரை வேகமாக வைத்தபோது, சட்டியிலிருந்து எழும்பிய இறால் ஒன்று அந்தரத்தில் அப்படியே நின்றது. மெதுவாக வைத்தபோது நெருப்பு பட்டுத்துணி மாதிரி நீண்டது, கடைக்காரச் சீனர் ஆவியாகிப் போனார். அவரிடம் காட்டினேன். தன்னைக் காணவில்லை என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. முதலில் சாப்பிடு, ஆறிவிடும் என்று மலாயில் அதட்டினார்.

ஆனால் நான் மனதைப் பறிகொடுத்தது ஒன்று புள்ளி எட்டுக்குத்தான். அப்பர்ச்சரை அந்த அளவுக்குத் திறந்துவிட்டால், ஃபோக்கஸ் விழும் இடம் மட்டும் கூர்மையாக இருக்கும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வெண்ணெயாக உருகிவிடும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் காயப் போட்டிருக்கும் துணிகள்கூட அதில் ஓவியம் மாதிரி தெரிந்தன. கறிவேப்பிலைச் செடி, அடுத்த வீட்டுப் பூனை, கணவரின் காது என்று எல்லாவற்றையும் ஒன்று புள்ளி எட்டில் எடுத்தேன். உலகத்தில் வேறு எண் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்த மயக்கத்தில் நான் இருந்த நேரத்தில்தான் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது.

மாமா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே தம்பி, ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். எனக்குச் சின்ன மாமா. இருவருக்கும் சில வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் சொத்து அல்ல, பாலம். நிபோங் திபாலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே காடியில், மாமாவுடைய காரில், போனோம். பழைய பாலத்தில் போகலாம் என்றார் மாமா. ஜாம் ஆகும், பத்து காவான் பக்கம் இறங்கும் புதுப் பாலத்தில் போகலாம் என்றார் சின்ன மாமா. காடியை ஓட்டியவர் மாமா என்பதால் பழைய பாலத்தில் போனோம். ஜாம். நடுக்கடலில் நின்றுகொண்டிருந்த நேரம் முழுவதும் சின்ன மாமா, "நான் அப்பவே சொன்னேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று திரும்பும்போது சின்ன மாமா வேறு யாருடைய காடியிலோ ஏறிக்கொண்டார். அதோடு சரி.

அறுபதாம் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டது அத்தைதான், என் மாமியார். சின்ன மாமாவும் சின்ன அத்தையோடு வந்தார். அண்ணனைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினார். கோயில் மண்டபத்தில் சடங்குகள் நல்லபடியாக முடிந்தன. ஏற்பாடு செய்திருந்த போட்டோக்காரர் தாலி கட்டும்வரை எடுத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். குடும்பப் படம் எடுக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"நம்ம மருமகதான் பெரிய கேமரா வச்சிருக்காளே," என்றார் அத்தை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமாவும் அத்தையும் மாலையோடு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மகன்கள், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். சின்ன மாமா வரிசையில் சேரவில்லை. எல்லோருக்கும் பின்னால் வெகுதூரம் தள்ளி, தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட். மண்டபத்தில் வேறு எங்கும் சரியான வெளிச்சம் இல்லை. எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. வழக்கம்போல ஒன்று புள்ளி எட்டில் வைத்தேன். முகத்தைத் தேடிப் பிடிப்பது கேமராவின் பொறுப்பு என்று விட்டுவிட்டு, சிரிக்கச் சொல்லி அழுத்தினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது.

அன்று மாலையே வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார, என் கணவர் படத்தைப் பெரிய டிவியில் போட்டார்.

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். "எனக்குக் கண்ணு ஆப்பரேசன் நல்லாத்தான செஞ்சாங்க?" என்றார்.

"லோட் ஆவுதும்மா, கொஞ்சம் இருங்க," என்றார் என் கணவர்.

காத்திருந்தோம். அது எப்போதோ லோட் ஆகிவிட்டது.

மாமாவும் அத்தையும் இரண்டு மாலைகளாக இருந்தார்கள். மாலைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு உருண்டை மாதிரி ஏதோ இருந்தது. பின்னால் நின்ற சொந்தபந்தங்கள் எல்லோரும் பட்டுப்புடவை நிறத்தில் கரைந்துபோயிருந்தார்கள். அந்தக் கரைசலுக்கு அப்பால் சின்ன மாமா நின்றார். மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. தண்ணீர் மெஷினில் சுடுதண்ணீருக்கான சிவப்பு லைட்கூடப் பளிச்சென்று தெரிந்தது. மண்டபத்திலேயே வெளிச்சமான முகம் அவருடையது என்பதால் கேமரா நேராக அவரைப் போய்ப் பிடித்திருக்கிறது.

மாமா எழுந்து டிவிக்கு அருகே போனார். "அவன் சட்டையில ஒரு பட்டன் மாத்திப் போட்டிருக்கான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் எனக்கா, அவனுக்கா?"

என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அதற்குள் என் நாத்தனார் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள்.

மறுநாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது சின்ன மாமா போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"யம்மா, என் பாஸ்போர்ட்டுல கூட நான் இவ்ளோ நல்லா இல்லம்மா," என்றார். குரல் நெகிழ்ந்திருந்தது. "பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப் போறேன்."

"அதுல மத்தவங்க யாரும் தெரியலையே, சின்ன மாமா."

"இருக்கட்டும் லா. முன்னாடி ஒரு டிசைன் மாதிரி அழகாத்தான் இருக்கு."

இந்தச் செய்தி ஆயர் ஈத்தாமிலிருந்து சின்ன அத்தை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தன் அறுபதாம் கல்யாணத்தில் தான் ஒரு டிசைன் என்பதை மாமாவால் ஜீரணிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் கேமராவோடு என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். சம்பால் பாட்டிலை முன்னால் வைத்தார். சோயா சாஸ் பாட்டிலைப் பின்னால் தள்ளி வைத்தார்.

"இது நான். அது அவன். எப்படி அவன் மட்டும் தெரிஞ்சான்? சொல்லு."

சொன்னேன். ஒவ்வோர் எண்ணாக வைத்து எடுத்துக் காட்டினேன். ஒன்று புள்ளி எட்டில் சம்பால் மேல் ஃபோக்கஸ் வைத்தால் சோயா சாஸ் கரைந்துபோனது. நான்கில் ஏதோ ஒரு பாட்டில் என்று தெரிந்தது. எட்டில் லேபிளைப் படிக்கலாம் போலிருந்தது. பதினொன்றில் இரண்டும் தெளிவு. முப்பது வருடம் மெஷின்களோடு இருந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் முன்னால, ஃபோக்கஸ் என் மேல, ஒன்னு புள்ளி எட்டு. அவன் காலி."

"ஆமா மாமா."

"பக்கத்துல ஒங்க அத்தை?"

"உங்களுக்குச் சமமா உக்காந்தா தெரிவாங்க."

"கொஞ்சம் பின்னால உக்காந்தா?"

"எனக்குக் காது நல்லா கேக்குது," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

மறுபடியும் எடுப்பது என்று முடிவாயிற்று. அதே புடவை, அதே சட்டை, புது மாலை. இடம் பாடாங் கோத்தா கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை மாலை. சின்ன மாமாவையும் கூப்பிடச் சொன்னார் மாமா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவன் வரலன்னா, மங்கலா யாரு நிப்பா?" என்றார்.

நான் போன் செய்தேன். சின்ன மாமாவும் இதற்குள் வீடியோக்கள் பார்த்திருந்தார். "எந்த நம்பர்ல எடுக்கப் போறே?" என்பதுதான் முதல் கேள்வி. "பதினொன்னுன்னா வர்றேன். ஒன்னு புள்ளி எட்டுன்னா நான் வரல. எனக்குத் தெரியும், அவரு பிளானு."

பதினொன்று என்று அவரிடம் சொன்னேன். மாமாவிடம் "பாத்துக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னேன். இதை என் கணவரிடம் சொன்னபோது, அன்றைக்குத் தனக்கு ஓவர்டைம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு அன்று கிளம்பத் தாமதமாகிவிட்டது. அத்தைக்கு மல்லிகை கிடைக்கவில்லை, கிடைத்த மல்லிகை பிடிக்கவில்லை. நாங்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் மூடிக்கொண்டு வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. காற்று வாங்க வந்தவர்கள், மாலையோடு இறங்கிய வயதான ஜோடியைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு மலாய்க் குடும்பம் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனது.

கடல் சுவரை ஒட்டி எல்லோரையும் நிறுத்தினேன். மாமாவும் அத்தையும் கொண்டுவந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சின்ன மாமா இந்த முறை தள்ளி நிற்கவில்லை. அண்ணனின் நாற்காலிக்கு நேர் பின்னால், தோளை உரசுகிற மாதிரி வந்து நின்றுகொண்டார். ஃபோக்கஸ் எவ்வளவு ஆழம்வரை தெளிவாக இருக்கும் என்று படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. மாமா நாற்காலியை ஓரடி முன்னால் நகர்த்தினார். சின்ன மாமாவும் ஓரடி முன்னால் வந்தார். மறுபடியும் நாற்காலி நகர்ந்தது. இப்படியே விட்டால் இரண்டு பேரும் என் மேல் ஏறிவிடுவார்கள் போலிருந்தது.

கேமராவை முக்காலியில் பொருத்திப் பதினொன்றில் வைத்தேன். திறப்பு சின்னது, வெளிச்சமும் குறைவு. அதற்கு ஈடாக ஷட்டரை மெதுவாக்க வேண்டியிருந்தது. அதாவது, கொய்த்தியாவ் கடைக்காரரை ஆவியாக்கிய அதே வேகம்.

"யாரும் ஆடக் கூடாது. சிலை மாதிரி நிக்கணும்," என்றேன்.

"ஒன்னு புள்ளி எட்டுலதான எடுக்கிற, ஆடினா என்ன?" என்றார் மாமா.

"பதினொன்னு," என்றார் பின்னாலிருந்த சின்ன மாமா.

மாமா என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைத்தேன். அவர் மெல்லத் திரும்பி, சில வருடங்களுக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்கு என்ன தெரியும் கேமரா பத்தி?"

"அண்ணே, ஒன்னு புள்ளி எட்டுல குரூப் போட்டோ எடுக்க முடியாது. நான் படிச்சிட்டுத்தான் பேசறேன்."

"எல்லாம் ஒனக்குத்தான் தெரியும். அன்னிக்கும் அப்படித்தான். புதுப் பாலம், புதுப் பாலம்னு..."

"அன்னிக்குப் புதுப் பாலத்துல போயிருந்தா தாலி கட்டுறத பாத்திருக்கலாம்!"

"டோல் எவ்ளோ தெரியுமா அங்க?"

வரிசையில் நின்ற யாரும் மூச்சுவிடவில்லை. நான் சிலையாக நிற்கச் சொன்னதற்காக அல்ல. சின்ன அத்தை என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். சண்டை போடுகிறார்களே என்று யாருக்கும் கவலையில்லை, பேசுகிறார்களே என்றுதான் திகைப்பு. அத்தை கேமராவை நேராகப் பார்த்து, உதடு அசையாமல் சொன்னார்: "நீ எடும்மா. இதுக்கு மேல இவங்க நிக்க மாட்டாங்க."

அழுத்தினேன். ஷட்டர் நிதானமாகத் திறந்து, நிதானமாக மூடியது.

எல்லோரும் ஓடிவந்து கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். படத்தில் எல்லோரும் கூர்மையாக இருந்தார்கள். அத்தையின் மல்லிகை, சுவர், தூரத்தில் நின்ற கப்பல் எல்லாம் தெளிவு. நடுவில் அண்ணனும் தம்பியும் மட்டும் புகையாகியிருந்தார்கள். திரும்பித் திரும்பிப் பேசியதில் மாமாவுக்கு இரண்டு மூக்கு. கையை ஆட்டிப் பேசிய சின்ன மாமாவின் தோளிலிருந்து ஒரு விசிறி கிளம்பியிருந்தது.

மாமா திரையை வெகுநேரம் பார்த்தார். "ஒனக்கு மூணு கை இருக்குடா," என்றார்.

"ஒங்களுக்குத் தலையே சரியா இல்லண்ணே."

முதலில் சிரித்தது மாமாதான். சிரிப்பு இருமலாகி, தம்பி முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தை மட்டும் அவர்களைக் கவனிக்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, "இதுல நான் ரொம்ப நல்லா இருக்கேன். இதத்தான் கூடத்துல மாட்டணும்," என்றார். என்னதான் சொல்லியும் கேட்கவில்லை. இன்று கூடத்தில் தொங்குவது அதுதான்.

இருட்டுவதற்குள் இன்னும் சில படங்கள் எடுத்தேன். அண்ணனும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, சிலை மாதிரி நின்றார்கள். எல்லோரும் தெளிவாக வந்தார்கள்.

"நீயும் வந்து நில்லும்மா, ஒன்னுலயாவது," என்றார் சின்ன அத்தை. கேமராவில் டைமரை வைத்துவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுகொண்டது. நான் என் கணவரின் பக்கத்தில் போய்ச் சேர்ந்து திரும்புவதற்குள் ஷட்டர் திறந்துவிட்டது.

அந்தப் படத்தில் எங்கள் குடும்பத்தார் அத்தனை பேரும் பளிச்சென்று இருக்கிறார்கள். ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு பறக்கிறது. அத்தை அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"பரவால்லம்மா. பொடவ கலரு நல்லா வந்திருக்கு."