ஒல்லாந்துப் பேச்சு பேசிய சமையல்காரர்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர் ஒருவர் இருந்தார்; நான் அங்கே எடுபிடி. முன்பல் இரண்டும் இல்லை. வெள்ளைக் கோட்டு மட்டும் விறைப்பாக இருக்கும். ஒல்லாந்து விருந்தாளி ஒருவர் வரப்போகிறார் என்றதும், அந்த ஊர் டச்சுப் பேச்சை எனக்குச் சமையல்காரர்தான் சொல்லித்தந்தார். விருந்தாளி முகம் சுளித்தால் என் பங்களா வேலை போய்விடும். மறுபடியும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டியதுதான்.

“மச்சான், ‘ஹூ காத் ஹெட்’னா சொகமான்னு அர்த்தம். கேட்டுட்டு, அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள குசினிக்கு ஓடியாந்துரு. நான் எப்பவும் அப்புடித்தான். அவங்க சொல்ற பதிலு எனக்கும் வெளங்காது.”

நான் கேட்டேன். ஓட மறந்து, இளித்துக்கொண்டு நின்றேன். விருந்தாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்; கண் கலங்கினார். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

“என்னதான் சொன்னாரு மச்சான்?” என்று குசினி அடுப்படியில் கேட்டேன்.

“சொகமில்லங்கறாரு. மூஞ்சியப் பாத்தாத் தெரியலயா ஒனக்கு?”

உடனே இஞ்சி தட்டிப்போட்டு ரசம் வைத்தார். விருந்தாளி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, துரையிடம் என் தோளைத் தட்டிக் காட்டினார். வேலை தப்பியது.

இவ்வளவு விளங்குகிற மனிதர் இத்தனை நாள் எதற்காக ஓடினார் என்பதுதான் என் மண்டைக்கு இன்னும் ஏறவில்லை.