புளி போட்டுத் துலக்கிய செம்பு

போன வாரம் ஆயுத பூஜை. உங்கள் வீட்டில் பொரி, கடலை எல்லாம் தீர்ந்துவிட்டதா? எங்கள் வீட்டில் இன்னும் டின் நிறைய இருக்கிறது. கொறித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி தனலட்சுமிக்கு ஒரே தம்பி, ஏழுமலை. திருவொற்றியூரில் வனஸ்பதி செய்கிற ஃபாக்டரியில் வேலை. காஸ் அறையில்... ஆனால் டெம்பரவரி! ராயபுரத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. இருவருக்கும் பிடித்தும்விட்டது. பெண்ணின் அப்பாதான், "வேலை பர்மனென்ட் ஆவட்டும், அப்பால தட்டு மாத்திக்கலாம்" என்று நிறுத்தி வைத்திருந்தார். வடிவுடையம்மன் சந்நிதியில் தனலட்சுமி வைக்காத வேண்டுதல் இல்லை.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். போனோம். ஃபிட்டர்கள் ஸ்பேனரும் சுத்தியலும் வைத்தார்கள். ஏழுமலை எதை வைப்பான்? காஸ் அறையில் நிஜமாக வேலை செய்வது செம்புதானாம். ட்ரம்மிலிருந்து ஒரு தாம்பாளம் அள்ளி வந்தான். மாத்திரை மாத்திரையாக இருந்தது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"இன்னாடா இது? செம்புன்னு சொல்லிகினு கருப்பா கீது?"

"அது அப்படித்தான்க்கா. நாளைக்குக் குழாயில ரொப்பணும்."

"களிம்பு ஏறின செம்பையா ஆத்தா முன்னாடி வைப்பாங்க? குடு இங்க!"

குத்துவிளக்குத் துலக்கக் கொண்டுபோன புளியும் கல்லுப்பும் கையிலேயே இருந்தன. வாளியில் கரைத்து, ஊறவைத்து, தேய்த்து, தாம்பாளத்தோடு அம்மன் முன்னால் வைத்தாள். நீங்களே சொல்லுங்கள்... எந்த வீட்டில் செம்பை வேறு விதமாகத் துலக்குகிறார்கள்?

கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் — வாளித் தண்ணீர் மயில் நீலம்! தாம்பாளத்து மாத்திரைகள் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கிடந்தன.

கூட வேலை செய்யும் மாணிக்கம் எட்டிப் பார்த்தார். "மாமு, பேஜாரு பண்ணாத. ட்ரம்முல கொட்டி மூடு. இம்மாம் செம்புல இது எவனுக்குத் தெரியும்?"

ஏழுமலை தாம்பாளத்தை ட்ரம் வாய்வரை தூக்கிவிட்டான். கை அங்கேயே நின்றது.

"சொன்னா வேலை பூடும்க்கா. சொல்லாம கொட்டினா... உள்ள போயி இன்னா ஆவும்னு தெரியலியே."

"புளி போட்டது நான். நட, நானே சொல்றேன்."

காஸ் அறைக்குப் பொறுப்பான கெமிஸ்ட் சார் இலையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டவர் விருட்டென்று எழுந்துவிட்டார்.

"கல்லுப்பையும் சேர்த்தா போட்டீங்க? ஏழுமலை, ட்ரம்ல கொட்டிட்டியா?"

"இல்ல சார்."

பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை!

"உப்பு இந்தச் செம்புக்கு விஷம், அம்மா. அதைக் குழாயில போட்டிருந்தா காஸே வந்திருக்காது."

எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். மெதனால் என்று ஒரு ஸ்பிரிட். அதையும் தண்ணீரையும் ஆவியாக்கி, சூடான செம்பின் மேல் அனுப்புகிறார்கள். செம்பு நடுவில் இருந்து இரண்டையும் சேர்த்துவைக்க, ஹைட்ரஜன் காஸ் வருகிறது. கூடவே கோலி சோடாவில் பொங்குமே, அந்தக் காற்றும். அதைப் பிரித்துவிட்டு, ஹைட்ரஜனைக் கடலை எண்ணெய்க்குள் செலுத்தினால் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து வனஸ்பதியாகிறது. செம்பு? அது கரைவதுமில்லை, குறைவதுமில்லை. செம்பே இல்லாவிட்டால் ஸ்பிரிட்டும் தண்ணீரும் மணிக்கணக்கில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்குமாம்!

"கறுப்பா இருக்குன்னுதானே வருத்தப்பட்டீங்க? வாங்க" என்று தம் அறைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் குழாயில் நல்ல மாத்திரை சிலதைப் போட்டு, காஸ் தொட்டியில் மிச்சமிருந்த ஹைட்ரஜனை மெல்ல விட்டு, அடியில் விளக்கால் சூடு காட்டினார்.

கறுப்பு ஓரத்தில் சிவந்தது. சிவப்பு பரவிற்று. குழாயின் நுனியில் முத்து முத்தாகத் தண்ணீர்!

"முருகா!" என்றேன். தனலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கறுப்புல இருக்கிற ஆக்ஸிஜனை ஹைட்ரஜன் இழுத்துத் தண்ணியாக்கிடும். அதுவே துலங்கிக்கும், அம்மா. உங்க புளி வேண்டாம்" என்றவர் ஏழுமலையைப் பார்த்தார். "காஸ் அறையில தப்பு நடந்தா ஓடி வந்து சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். மேனேஜர் கிட்ட நானே பேசறேன்."

பேசியும்விட்டார்! ஏழுமலை பர்மனென்ட். நேற்று ராயபுரத்தில் தட்டு மாற்றிக்கொண்டு வந்தோம்.

இரண்டு பேரைச் சேர்த்துவைக்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? தரகர் கமிஷன் கேட்கிறார். சொந்தக்காரர் பட்டுப்புடவை கேட்கிறார். நடுவில் நின்று சேர்த்துவைத்துவிட்டு, தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிற அந்தச் செம்பை அம்மன் முன்னால் வைத்தது தப்பே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைத் தனலட்சுமியிடம் உருக்கமாகச் சொன்னேன். அவள் பரண் மேல் இருக்கும் எங்கள் பெரிய செம்பு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... அந்தக் கெமிஸ்ட் சார் கிட்ட இதும் நுழையற மாதிரி குழாய் கீதா?"