கல்லுக்கு இன்றைக்கு லீவு

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நியூட்ரல் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவர் நல்ல டிரைவர். அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் படுத்துத் தூங்கலாம் என்பார்கள். அந்தப் பேரெல்லாம் ஒரே காலையில் மண்ணோடு மண்ணாய்ப் போனது.

அன்றைக்கு அவர் ஓட்டியது மச்சானின் பிக்கப். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பெயின்ட் கடை முதலாளி. பேட்டரி வீக், இன்ஜினை அணைக்காதே என்பது மச்சானின் உத்தரவு. சரக்கு இறக்க வேண்டிய வீடோ சரிவான தெருவில் இருந்தது. இவர் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு இறங்கினார். முதல் டப்பாவைத் தோளில் ஏற்றுவதற்குள் வண்டி தன்பாட்டுக்குப் பின்னால் உருண்டு, தெருக்கோடியில் இருந்த சலூனுக்குள் புகுந்தது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிகள்தான் சுக்குநூறு. பாதி முகம் சவரமான ஒருவர் சோப்பு நுரையோடு தெருவில் ஓடினார்.

கூட வந்திருந்த மச்சான்தான் முதலில் ஓடிப்போய் வண்டிக்குள் ஏறினார். இன்ஜினை அணைக்கத்தான் ஏறினேன் என்றார். அப்புறம் கூட்டத்தைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். ஹேண்ட்பிரேக் லீவர் கீழே கிடந்தது. அதை எல்லோர் கண்ணெதிரிலும் மேலே இழுத்தார். கடகடவென்று ஏறி விறைப்பாக நின்றது.

“பாத்தீங்களா? எவ்ளோ டைட்டா இருக்கு! இழுத்திருந்தா நின்னிருக்குமே!”

நான் இழுத்தேன், நான் இழுத்தேன் என்று இவர் தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் நியூட்ரல் என்ற பெயர். அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை. ஓட்டத்தான் விடவில்லை, கழற்றவாவது விட்டார்களே என்று ஒரு பட்டறையில் சேர்ந்து, தொழிலைக் கற்று, தனியாக ஒரு ஷெட் போட்டுக்கொண்டார்.

இதோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். மச்சான் போகவிடவில்லை. வண்டியில் ஒரு செங்கல்லை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, நிறுத்துகிற இடத்திலெல்லாம் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். “எல்லாம் எங்க மாப்ள ஞாபகமாத்தான்” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் கை அரிக்கும். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் இவருடைய சைக்கிளுக்கும் யாராவது கல் வைத்தார்கள். மனைவியே ஒருநாள் வாசலில் நின்ற சைக்கிள் சக்கரத்துக்கு விளையாட்டாக ஒரு கல்லைத் தள்ளிவிட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் அண்ணன் சொன்னதை அவளும் நம்புகிறாள் என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

அந்த பிக்கப்தான் இப்போது அவருடைய ஷெட்டுக்கு வந்து நின்றது. மச்சான் அதை விற்கப் போகிறார். வாங்க வந்தவர் லீவரை இழுத்துப் பார்த்தபோது தொளதொளவென்று கையோடு வந்துவிட்டதாம். கேபிள் மாற்றினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“வீட்டு ஆளு நீ இருக்கும்போது வெளிய எதுக்கு மாப்ள? கேபிள மட்டும் மாத்து. வேற எதையும் நோண்டாத.”

நோண்டாமல் கேபிள் மாற்ற முடியாது என்பது பெயின்ட் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? நியூட்ரல் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, அட்டையை விரித்து அடியில் படுத்தார். லீவரிலிருந்து வரும் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் போனார். பாதி வழியில் கை நின்றது. அங்கே ஒரு கட்டுக்கம்பி. கட்டடத்தில் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. சக்கரத்துக்குப் போக வேண்டிய கேபிள்கள் எப்போதோ அறுந்து துருப்பிடித்துத் தொங்கின. முன் கேபிளின் நுனியை யாரோ கேபிள் மாற்றும் காசை மிச்சம் பிடிக்க வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு இப்போதுதான் துருவேறி அறுந்திருந்தது.

அவருக்கு விளங்கியது. அன்றைக்கு லீவர் டைட்டாக இருந்தது சட்டத்தைப் பிடித்து இழுத்ததால். சக்கரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கம்பியின் முறுக்கில் காய்ந்த நீலப் பெயின்ட் படிந்திருந்தது, மச்சானின் கடைப் பலகையில் இருக்கும் அதே நீலம். மச்சான் செங்கல் வைத்தது கேலிக்கு இல்லை. கல் இல்லாமல் அந்த வண்டி எங்கேயும் நிற்காது!

அடியில் படுத்தபடியே அவர் அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் வேலை பார்த்தார், ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றி, பிரேக் ஷூவை எடுத்து, பழைய கேபிளை உருவிப் போட்டார். புதியதை சைலன்சர் சூடு படாத வழியில் கொண்டுபோய் மாட்டினார். லீவர் கீழே இருந்தால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலே ஏறினால் அசையக் கூடாது. நட்டைத் திருகித் திருகி அதைச் சரிசெய்தார். கட்டுக்கம்பியை மட்டும் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மச்சான் வந்தார். அம்மா வீட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று மனைவியும் ஏறிக்கொண்டாள். நியூட்ரல் நேராக அதே சரிவுத் தெருவுக்கு வண்டியை விட்டார். சலூனுக்கு முதுகைக் காட்டி, மேடு பார்த்து நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“மச்சான், பின்னாடி போய் நின்னு சக்கரம் நகருதான்னு பாருங்க.”

மச்சான் பழக்கதோஷத்தில் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“கல்லுக்கு இன்னைக்கு லீவு மச்சான். ஓரமா போட்டுட்டு அந்த எடத்துல நீங்க நில்லுங்க.”

மச்சான் கல்லைத் தெரு ஓரமாகப் போட்டுவிட்டுச் சிரித்தார். தெருவில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். நியூட்ரல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“புதுக் கேபிள் போடல மச்சான். பழசையே சட்டத்தோட கட்டிட்டேன், நீங்க கட்டுன மாதிரியே. லீவர் செம டைட்டு. இப்ப வண்டி என் கால்லதான் நிக்குது.”

கம்பியை வெளியே ஆட்டிக் காட்டினார். மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிவந்து இரண்டு கையாலும் வண்டியின் பின்கதவைத் தாங்கிப் பிடித்தார். சலூன்காரர் கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

“ஐயோ, மறுபடியுமா! விட்டுட்டு ஓடிராதீங்க, புடிங்க!”

“மாப்ள, வெளையாடாத! சாயங்காலம் வண்டிய எடுக்க ஆள் வருது! ஹேண்ட்பிரேக்க இழு!”

“அன்னைக்கும் இழுத்தேனே மச்சான்.”

மனைவி கம்பியைப் பார்த்தாள். அண்ணன் கடையின் அந்த நீலம் அவளுக்குத் தெரியாதா? பிறகு குனிந்து கணவனின் காலைப் பார்த்தாள். பெடல்மேல் கால் இல்லை. அவர் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி இம்மியும் நகரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் கையை எடுத்துவிடுவார். அவள் தன் பக்க ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“அண்ணே, அவரு கால் நடுங்குது. எதுவானாலும் சீக்கிரம் சொல்லிரு!”

“நான்தான் கட்டுனேன்!” மச்சான் அலறினார். “லீவர் மேலதான் இருந்துச்சு. நான்தான் எறக்கி விட்டேன். போதுமா!”

சலூன்காரர் கத்தியை மடக்கினார்.

“நீங்க எறங்குங்க. பிரேக்க நான் மிதிச்சுக்கிறேன்” என்று மனைவி அண்ணன் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “அண்ணே, நல்லா புடிச்சுக்கோ. எனக்குப் பழக்கமில்ல.”

நியூட்ரல் இறங்கிப் போய் சலூன் நாற்காலியில் சாய்ந்தார். எதிர்க் கண்ணாடியில் தெருவும், வண்டியும், அதைத் தாங்கிக்கொண்டு வியர்த்து வழியும் மச்சானின் முதுகும் தெரிந்தன. புதுக் கேபிள் போட்டிருக்கும் விஷயத்தைச் சலூன்காரர் காதோடு சொன்னார். சலூன்காரர் நுரையைப் பூசி, சவரம் செய்து முடித்தார். அவரும் அந்த முதுகைப் பார்த்தார்.

“பாவம், சொல்லிரலாமா?”

நியூட்ரல் கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மீசையையும் கொஞ்சம் கத்தரிச்சு விடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல.”